நீ கொடுக்க வந்த ரத்தம்

தம்பி,

சாப்பிட்டாயா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. ஒரு மாதமாகப் போனில் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் கூப்பிடுகிறேன். நீ "சொல்லும்மா" என்றதும், ஓசூரில் குளிர் எப்படி, வண்டி ஓட்டும்போது ஹெல்மெட் போடுகிறாயா என்று எதையாவது கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். எழுதினால் பேச்சை மாற்ற முடியாது என்பதால் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதும் பாதிப் பொய்தான். அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால் வலது விலாவுக்குக் கீழே இழுக்கிறது. கொஞ்சம் எழுதுகிறேன், படுக்கிறேன், எழுந்து முகம் கழுவிவிட்டு மறுபடி எழுதுகிறேன். கையெழுத்து அங்கங்கே கோணலாக இருந்தால் அதுதான் காரணம். ஆபரேஷன் முடிந்து நான்கு மாதம் ஆகியும் ஒரு குடம் தண்ணீரைப் பார்த்தாலே அசதி வருகிறது. தூக்கக்கூட வேண்டாம், பார்த்தாலே போதும்.

மதுரை ஆஸ்பத்திரியில், ஆபரேஷனுக்கு முந்தின நாள் நடந்தது உனக்கு நினைவிருக்கும். கல்லீரலில் கை வைக்கிற ஆபரேஷன், ரத்தம் நிறையத் தேவைப்படலாம், வீட்டு ஆட்கள் இரண்டு பேர் கொடுத்துவிட்டால் நல்லது என்று நர்ஸ் வந்து சொன்னாள். நீ உடனே முழுக்கைச் சட்டையை முழங்கை வரைக்கும் மடித்துவிட்டுக்கொண்டு எழுந்தாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். நீ மெலிந்திருக்கிறாய், இரண்டு நாளாகத் தூங்கவில்லை, மயக்கம் வரும் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். நீ கேட்கவில்லை. கடைசியில், நீ ரத்தம் கொடுத்தால் நான் இந்தக் கட்டிலை விட்டு இறங்கி பஸ் ஏறி ஊருக்குப் போய்விடுவேன் என்றேன். பக்கத்துக் கட்டில்காரம்மா எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். நீ சட்டைக் கையை மெதுவாக இறக்கி பட்டனைப் போட்டுக்கொண்டு, "ஏம்மா, எம் ரத்தம் ஒனக்கு ஆகாதா?" என்று கேட்டாய். சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். ஆனால் அதற்குப் பிறகு அன்று முழுக்க என் முகத்தைப் பார்த்து நீ பேசவில்லை. உன் சிநேகிதர்கள் இரண்டு பேர் வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள்.

உன் ரத்தம் எனக்கு ஆகாமல் இல்லை. ரத்தம் எடுக்கிற இடத்தில் அதைச் சோதித்துப் பார்ப்பார்கள். அந்தச் சோதனையில் என்ன வருமோ என்று பயந்துதான் தடுத்தேன். ஏன் பயந்தேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். கோபம் வந்தால் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுச் செத்த நேரம் கழித்துப் படி. முழுக்கப் படித்துவிடு, அது போதும்.

நீ வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாதம் வளையல் போட்டு என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, என் தாய்வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே. உன் அப்பா அப்போது பட்டாளத்தில், வடக்கே எங்கேயோ பனியில் இருந்தார். கடிதம் போய்ச் சேரவே பத்து நாள் ஆகும். அங்கே ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்த நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உன் ரத்தத்தில் பி வகை மஞ்சள்காமாலைக் கிருமி இருக்கிறது, உடம்பில் வெளியே ஒன்றும் தெரியாது, அது பாட்டுக்கு இருக்கும், ஆனால் பிறக்கும்போது பிள்ளைக்குப் போய்விடும் என்றாள். பிறந்த அன்றைக்கே பிள்ளைக்கு ஊசி போட்டுவிட்டால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம், மருந்தை மதுரையிலிருந்து முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும், வீட்டில் சொல்லி ஏற்பாடு செய் என்று ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தாள். நல்ல நர்ஸ். அவள் மேல் ஒரு குறையும் இல்லை. சீட்டை வாங்கி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வெளியே பெஞ்சில் உன் பெரிய அத்தை உட்கார்ந்திருந்தாள். உன் அப்பா ஊரில் இல்லாததால் ராஜபாளையத்திலிருந்து அவள்தான் வாராவாரம் பார்க்க வருவாள். புகுந்த வீட்டுத் தெருவில் அதற்கு முந்தின வருஷம் வந்த ஒரு மருமகளுக்கு டிபி என்று தெரிந்ததும், அவள் தட்டு, டம்ளர், பாயெல்லாம் சேர்த்து மூட்டை கட்டி தாய்வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். அந்தக் கதையை எனக்குச் சொன்னதே உன் பெரிய அத்தைதான். நானோ ஏற்கெனவே தாய்வீட்டில் இருந்தேன். திரும்பக் கூட்டிப்போகாமல் விடுவதற்கு ஒருத்தரும் சிரமப்பட வேண்டாம். ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று அத்தை கேட்டாள். ரத்தம் கொஞ்சம் கம்மியாம், முருங்கைக்கீரை சாப்பிடச் சொன்னாக என்றேன். வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் அடுப்பில் அந்தச் சீட்டைப் போட்டேன். பெற்ற அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நீ பிறந்த அன்று வேறு நர்ஸ் இருந்தாள். உன் அத்தை என் தலைமாட்டில் நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஊசி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பகல் முழுக்க நேரம் இருந்தது. உன்னை மடியில் போட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அந்த நாளைத்தான் இத்தனை வருஷமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

நேற்று இதோடு நிறுத்திவிட்டேன். இன்று மறுபடி எழுதுகிறேன். நீ பால் குடித்தாய், தவழ்ந்தாய், பள்ளிக்கூடம் போனாய், ஒரு நோய் நொடி இல்லை. எனக்கும் ஒன்றும் இல்லை. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி கம்பெனிக்கு வேலைக்குப் போனேன், அது உனக்குத் தெரிந்ததுதான். ஆபரேஷன் சமயத்தில் வயிற்றுக்குள் வைத்து ரத்தம் ஒற்றுகிற மாப் துணியை மடித்து, மூலையில் நாடா தைத்து, ஐந்து ஐந்தாகக் கட்டுகிற வேலை. ஒரு கட்டுக்குள் நாலு இருந்தாலும் ஆறு இருந்தாலும் அந்தப் பெட்டி முழுவதையும் பிரித்து மறுபடி எண்ண வைப்பேன். யாரோ ஒருத்தர் வயிற்றுக்குள் துணி தங்கிவிடக் கூடாதே என்று மற்ற பெண்களிடம் அப்படிச் சத்தம் போடுவேன். அந்த நியாயமெல்லாம் என் வீட்டுக்குள் வரவில்லை. கிருமி தானாகப் போயிருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். காமாலை வந்தவர்கள் எல்லாம் கீழாநெல்லி குடித்து எழுந்து நடக்கவில்லையா என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். நானும் ஒரு ஆவணியில் பத்தியம் இருந்து ஒரு மண்டலம் குடித்தேன். உடம்புச் சூட்டுக்கு என்று உனக்கும் கொடுத்தேன். நீ துப்பிவிட்டாய்.

இந்த வருஷம் வயிறு பாரமாக இருக்கிறது என்று ஸ்கேன் எடுத்ததும், கட்டி இருப்பது தெரிந்ததும், மதுரைக்குப் போகச் சொன்னதும் உனக்குத் தெரியும். தெரியாதது, நீ ஓசூரிலிருந்து வந்து சேர்வதற்கு முன்னால் டாக்டர் அறையில் நடந்தது. அவர் பெரிய தாளில் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். வயது, எடை, சர்க்கரை எவ்வளவு நாளாக இருக்கிறது, இதயத்தில் கோளாறு உண்டா, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குமா, இதற்கு முன்னால் வயிற்றில் ஆபரேஷன் நடந்ததா. பெண்பிள்ளையிடம் குடிப்பழக்கம் உண்டா என்றுகூடக் கேட்டார். உன் அப்பா அதற்குத் தான் பதில் சொல்ல வேண்டுமோ என்று விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்தார். கட்டி ஒன்றாக இருந்தாலும் ஆளுக்கு ஆள் உடம்பு வேறு, யாருக்கு எவ்வளவு தாங்கும் என்று தெரிந்தால்தான் கத்தியை எடுக்க முடியும் என்றார் டாக்டர். பிறகு, உங்கள் ரத்தத்தில் பி கிருமி இருக்கிறது, கட்டி வந்ததே அதனால்தான், இதை முன்னமே யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டார். உன் அப்பா என் பக்கம் திரும்பினார். இல்லை என்றேன். அவரையும் சோதிக்கச் சொன்னார்கள். பட்டாளத்தில் எப்போதோ போட்ட ஊசி அவரைக் காப்பாற்றியிருக்கிறது. பிள்ளைகள் இருந்தால் அவர்களும் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். பிறகு உன் அப்பா கேட்டபோது, சொல்லிவிட்டேன், பார்த்துவிட்டான், ஒன்றுமில்லை என்று இரண்டாவது பொய்யையும் சொன்னேன். நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வது பஸ் கிடைத்ததா, தோப்பில் மோட்டார் ஓடுகிறதா என்பதோடு முடிந்துவிடும். அந்தத் தைரியத்தில்தான் சொன்னேன்.

ஆபரேஷனை இரண்டு விதமாகச் செய்யலாம் என்று டாக்டர் ஒரு தாளில் கல்லீரலை வரைந்து காட்டினார். சின்னச் சின்னத் துளை போட்டு, கேமராவை விட்டு, டிவியில் பார்த்தபடி வெட்டி எடுப்பது ஒன்று. வலி குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். விலாவுக்குக் கீழே நீளமாகத் திறந்து, கையை உள்ளே விட்டுச் செய்வது இன்னொன்று. நான் துளைதான் வேண்டும் என்று மன்றாடினேன். அவர் நான் வலிக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்தார். தையில் உனக்குக் கல்யாணம். தளவாய்புரத்திலிருந்து சம்பந்தி வீட்டார் வந்து போவார்கள். பெரிய தழும்பு என்றால் என்ன ஏது என்று கேள்வி வரும், கேள்வி வந்தால் பி கிருமியில் போய் நிற்கும். என் கணக்கு அது. டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கட்டி வலது பக்கம் பின்னால், பெரிய ரத்தக்குழாயை ஒட்டி இருக்கிறது. நல்ல கல்லீரல் என்றால் தாராளமாக வெட்டலாம், மிச்சம் வளர்ந்துவிடும். என்னுடையது வருஷக்கணக்காகக் கிருமி தின்று இறுகிப்போய்விட்டது, அது அப்படி வளராது. "எவ்வளவு வெட்டி எடுக்கிறோம்ங்கிறத விட, எவ்வளவு விட்டு வைக்கிறோம்ங்கிறதுதாம்மா எனக்கு முக்கியம்" என்றார். துளையில் ஆரம்பிக்கிறேன், ரத்தம் கட்டுக்கு அடங்காவிட்டால் திறந்துவிடுவேன், அதற்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். போட்டேன்.

கண் விழித்ததும் முதலில் கையைத்தான் வயிற்றுக்குக் கொண்டுபோனேன். நெஞ்சுக்குழியிலிருந்து வலது இடுப்பு வரைக்கும் கட்டு இருந்தது. திறந்துவிட்டார்கள் என்று தெரிந்தது. பக்கத்தில் நின்ற நர்ஸிடம் நான் கேட்ட முதல் கேள்வி, மாப் துணி எண்ணிக்கை சரியாக இருந்ததா என்பது. அவள் சிரித்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை, இரண்டு தடவை எண்ணினோம், சரியாக இருந்தது என்றாள். வீட்டுக்கு வந்து சேலை கட்டிப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. முந்தானை வலது பக்கமாகச் சுற்றித்தானே தோளுக்கு ஏறுகிறது. தழும்பு முழுக்க அதற்குள் போய்விட்டது. தெரியும் இடது பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கண்ணாடி முன்னால் நின்று, தப்பித்தோம் என்று நினைத்தேன். நினைத்த கையோடு கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அழக்கூடத் தெம்பில்லை, கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டேன்.

பார்க்க வந்தவர்கள் எல்லாம் பால்கோவா வாங்கி வந்தார்கள். சர்க்கரைக்காரி, கல்லீரல் வெட்டியவள், அவளுக்குப் பால்கோவா. எல்லாவற்றையும் உன் பெரிய அத்தை தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். ஆமாம், அவள்தான் ஒன்றரை மாதம் என்னோடு இருந்தாள். தனக்கே முழங்கால் வலி, நின்றால் உட்கார முடியாது. என்னைப் பிடித்து நடக்க வைத்தாள், தலைக்குத் தண்ணீர் விட்டாள், புண்ணில் நீர் கசிந்த நாட்களில் தானே கட்டுப் பிரித்துத் துடைத்தாள். வெறுங்கையால் துடைத்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த கையுறைப் பெட்டி பக்கத்திலேயே இருந்தது. அவள் விரலில் அரிவாள்மணை கீறிய காயம் ஒன்று இருந்தது. கையுறை போடுங்கள் மதினி என்றால், ஏன் என்று கேட்பாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

என்னை உடைத்தது வேறொரு சின்ன விஷயம். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் அம்மாவோடு என்னைப் பார்க்க வந்தாள். என் கால் நகம் வளர்ந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே கீழே உட்கார்ந்து, மேஜை மேல் இருந்த நகவெட்டியை எடுத்து வெட்டிவிட்டாள். ஓரத்தில் கொஞ்சம் சதை பட்டு ரத்தம் வந்துவிட்டது. அவள் பதறித் துடைத்தாள். பிறகு தன் பெருவிரல் நகம் ஒன்று உடைந்திருப்பதைப் பார்த்து, அதே நகவெட்டியைத் தன் விரலுக்குக் கொண்டுபோனாள். நான் பாய்ந்து அதைப் பிடுங்கினேன். எனக்கே அத்தனை வேகம் இருக்கும் என்று தெரியாது. தையல் விட்டுப்போச்சோ என்று வலித்தது. அந்தப் பிள்ளை முகம் சுண்டிப்போய், "தெரியாம எடுத்துட்டேன் அத்த, ஒங்க சாமானத் தொட்டிருக்கக் கூடாது" என்றாள். அவள் அம்மா காப்பியைப் பாதியில் கீழே வைத்தாள். நோயை மறைக்கப் போய், மகன் கட்டப் போகிறவளிடம் நான் ராங்கிக்காரி என்று பெயர் வாங்கினேன்.

அவர்கள் போனதும் உன் அத்தை என்னை வைதாள். வந்த பிள்ளை கையிலிருந்து இப்படியா வெடுக்கென்று பிடுங்குவாய் என்றாள். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு, வெந்நீர் அடுப்பு, நீ பிறந்த நாள், அவள் விரல் காயம் வரைக்கும். அவள் தன் விரலைப் பார்த்துக்கொண்டாள். பிறகு, "எனக்குப் பயந்தா அந்தப் பச்ச மண்ண விட்டுட்ட? அன்னிக்கே சொல்லிருந்தா நானே மதுரைக்குப் போயி வாங்கியாந்துருப்பனேட்டி" என்றாள். உண்மையிலேயே போயிருப்பாளா, இல்லை என் பாயையும் டம்ளரையும் மூட்டை கட்டியிருப்பாளா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. ஆனால் மறுநாள் காலையில் கையுறையைப் போட்டுக்கொண்டு வந்து கட்டுப் பிரித்தாள். பிறகு பஸ் ஏறிப் போய் ரத்தம் கொடுத்துச் சோதித்துவிட்டு வந்தாள். ஒன்றும் இல்லை. ஆனாலும் இன்னொரு தடவை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

உன் அப்பாவிடம் மூன்று நாளைக்கு முன்னால் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ரத்தம் குடுக்க வந்தவனத் தடுத்தது இதுக்குத்தானா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். எழுந்து தோப்புக்குப் போய்விட்டார். அதிலிருந்து என்னிடம் பேசவில்லை. மாத்திரையையும் தண்ணீரையும் மட்டும் நேரத்துக்குக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார். கல்யாணப் பத்திரிகை பிழை பார்க்க வந்திருந்தது. அதை அச்சுக்குத் திருப்பி அனுப்பாமல் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வைத்துவிட்டால் பிறகு யாரும் எதையும் பேச முடியாது என்று அவருக்கும் தெரியும்.

அதனால் தம்பி, இந்தக் கடிதம் கைக்கு வந்த மறுநாளே போய்ச் சோதித்துக்கொள். உனக்கு இல்லை என்று வந்தால், நான் பட்ட பயம் என்னோடு போகட்டும். இருக்கிறது என்று வந்தால், நீ பயப்படாதே. உன் கல்லீரல் என்னுடையதைப் போல ஆக வேண்டியதில்லை. தினமும் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், அப்படிப் பார்த்துக்கொண்டால் கெட்டுப்போவதற்கு முன்னால் பிடித்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். நான் இருபத்தெட்டு வருஷம் பார்க்காமல் விட்டதால்தான் எனக்கு இந்த நிலை. கிருமி புருஷன் பெண்டாட்டிக்குள் தொற்றும் என்பதையும் தாய் வெட்கப்படாமல் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு மூன்று ஊசி போட்டு, அவள் ரத்தத்தில் ஊசி பிடித்துவிட்டதா என்று பார்த்துவிட்டால் அவளுக்கு வராது. நாளைக்கு ஒரு பிள்ளை பிறந்தாலும் அதே அன்று ஊசி. கல்யாணம் நிற்க வேண்டிய நோய் இல்லை இது.

ஆனால் எது வந்தாலும் அவளிடம் நீயே சொல். பத்திரிகை அச்சாவதற்கு முன்னால் சொல். என் பேரைச் சேர்த்தே சொல், நகவெட்டியைப் பிடுங்கியது எதற்கு என்பதையும் சொல். அவர்கள் வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் நான் தாங்குவேனா என்று யோசிக்காதே. இந்த ரகசியத்தை இனிமேல் என்னால் தூக்கிச் சுமக்க முடியாது, அவ்வளவுதான். மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன். அதை எழுதிய தாளைக் கிழித்துவிட்டேன். உன் சோதனை முடிவு தெரியாமல் மன்னிப்புக் கேட்பது, அதையும் உன் தலையில் கட்டுவது மாதிரி இருந்தது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் உன் சட்டைக் கையை இறக்க வைத்தேனே, அதே கையை மறுபடி மடித்துவிட்டுக்கொண்டு போ. அம்மா இந்தத் தடவை பிடிக்க மாட்டேன்.

அம்மா